வீட்டில் சால்டரிங்: எந்த ஈயம், எந்த ஃப்ளக்ஸ், எந்த இணைப்புக்கு?

சால்டர் நன்றாக மின்சாரம் கடத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். செம்போடு ஒப்பிட்டால் அது சுமாரான கடத்திதான். மின்வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் கலவையின் கடத்துதிறன், செம்பின் கடத்துதிறனில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. வலிமையும் குறைவு, மெல்லிய கம்பியை விரலாலேயே முறுக்கிவிடலாம். இவ்வளவு பலவீனமான ஒரு பொருள் வானொலிப் பெட்டியிலிருந்து விண்கலம்வரை இணைப்புகளைத் தாங்குகிறது என்றால், காரணம் அதன் ஒரே ஒரு குணம்: உருகிய நிலையில் அது சுத்தமான செம்பை நனைக்கும். அப்படி நனைக்கும்போது சால்டரிலுள்ள வெள்ளீயமும் செம்பும் வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு புதிய சேர்மம் மெல்லிய அடுக்காகப் படிகிறது. சில மைக்ரான் தடிமன்கூட வராத இந்த அடுக்குதான் உண்மையான இணைப்பு. மேலே பளபளக்கும் குமிழ் அதன் மூடி மட்டுமே. அடுக்கு உருவாகாவிட்டால் சால்டர் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இழுத்தால் கையோடு வரும். சூடு மிஞ்சி அடுக்கு தடித்துவிட்டால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

கடையில் எந்தக் கம்பி வாங்குவது, எந்த ஃப்ளக்ஸ் வாங்குவது, எத்தனை வாட் சால்டரிங் அயர்ன் வாங்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த அடுக்கைப் பற்றிய கேள்வியே. அந்த அடுக்கு சுத்தமாக உருவாக வேண்டும், உருவான பிறகு நிலைத்திருக்க வேண்டும். வீட்டு வேலையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் கைத்திறன் குறைவு என்று சொல்லப்படுகிறது. நான் அப்படிக் கருதவில்லை. இணைப்புக்குப் பொருந்தாத பொருளை எடுத்ததுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். கை பழகுவதற்கு முன்பே தோல்வி தீர்மானமாகிவிடுகிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். நம் பேச்சில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்கும் பொது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நஞ்சு என்று அஞ்ச வேண்டியது காரீயம். மெக்கானிக் கடைகளில் 'லெட்' என்று கேட்டால் கொடுக்கும் சால்டர் கம்பியில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். இதனால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது: மின்வேலைக்கான சால்டர் கம்பியால் ஈயச் சொம்பின் ஓட்டையையோ வேறெந்தச் சமையல் பாத்திரத்தையோ அடைக்கவே கூடாது. புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த இடத்துக்குச் சால்டர் தேவைதானா? வீட்டு மின்வேலையில் 'வேண்டாம்' என்று பதில் வரும் இடங்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

முதலில் திருகு வைத்து இறுக்கும் இடங்கள். பிளக், சுவிட்ச், பல்பு ஹோல்டர், டெர்மினல் பிளாக் எல்லாம் இதில் சேரும். பல இழை வயரின் முனை பிரிந்து நிற்பது கண்ணுக்கு உறுத்தலாக இருப்பதால், அதைச் சால்டரில் தோய்த்துக் கெட்டியாக்கித் திருகுக்கு அடியில் வைப்பவர்கள் நிறையப் பேர். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஆபத்தானது. சால்டர் உருகும் வெப்பநிலையைத் தனிச்சுழியிலிருந்து, அதாவது கெல்வினில் கணக்கிட்டால், நம் ஊர் அறை வெப்பநிலை அதில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த நிலையில் இருக்கும் எந்த உலோகமும் தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். எஃகு அப்படி நகராது. அது தன் உருகுநிலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. திருகின் கீழே அகப்பட்ட சால்டர் மாதக்கணக்கில் பிதுங்கிப் பிதுங்கி இடம் கொடுக்கிறது, திருகின் பிடி தளர்கிறது, தளர்ந்த இடத்தில் மின்தடை கூடுகிறது, சூடு ஏறுகிறது, சூட்டில் நகர்வு இன்னும் வேகமாகிறது. பிளக்கின் ஒரு பின் மட்டும் பழுப்பேறிக் கருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணங்களில் இதுவும் ஒன்று. வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60335, அழுத்திப் பிடிக்கும் இடங்களில் இழைகளைச் சால்டரால் ஒன்றாக்குவதை அனுமதிப்பதில்லை. சால்டர் நகர்ந்தாலும் பிடி கெடாத அமைப்பு இருந்தால் மட்டுமே விலக்கு. இந்த இடங்களில் வயர் முனைக்குச் செம்புக் குழல் மாட்டி அழுத்திப் பிடிக்க வைப்பதுதான், அதாவது கிரிம்ப் செய்வதுதான் முறை. அது இல்லையென்றால் இழைகளை முறுக்கி, மடித்து, அப்படியே வைத்து இறுக்கலாம்.

அடுத்தது, சூடாவதையே வேலையாகக் கொண்ட சாதனங்கள். பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 டிகிரி செல்சியஸைத் தொடும். வழக்கமான காரீயச் சால்டரோ 183 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். கீசர், ரொட்டி சுடும் டோஸ்டர், மின்னடுப்பு ஆகியவற்றின் ஹீட்டர் முனைகளுக்கும் இதே விதி. அங்கே கிரிம்ப் அல்லது திருகுதான்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் தடித்த வயருக்கு லக் என்ற உலோக முனையை அழுத்திப் பொருத்த வேண்டும். அங்கே நூறு ஆம்பியர்கூடப் பாயலாம். மோட்டார் சைக்கிள் வயரிங்கில் வேறொரு சிக்கல். சால்டர் இழைகளுக்குள் ஊறிக் கெட்டியான பகுதி முடிந்து, வளையும் பகுதி தொடங்கும் விளிம்பிலேயே அதிர்வு முழுவதும் வந்து விழுகிறது. சில மாதங்களில் இழைகள் அங்கே ஒவ்வொன்றாக அறுகின்றன. லித்தியம் செல்லின் முனையில் நேரடியாகச் சால்டர் வைப்பதை நான் முழுவதுமாகவே தவிர்க்கச் சொல்வேன். உள்ளே இரு மின்முனைகளையும் பிரித்து நிற்கும் படலம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது அதன் உறவுப் பொருள்; பாலிஎத்திலீன் 130 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். நிக்கல் பட்டை ஏற்கெனவே ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்ட செல்லை வாங்கி, பட்டையின் மறுமுனையில் சால்டர் வைப்பது பாதுகாப்பானது.

சால்டர்தான் வேண்டும் என்ற இடங்களிலும், பிடிப்பை அதன் தலையில் கட்டக் கூடாது. அமெரிக்காவில் பழைய வீடுகளில் பீங்கான் உருளைகளின் மேல் வயர் ஓட்டிய காலத்தில் இணைப்புகளை முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்றுவதே வழக்கமாக இருந்தது. அந்நாட்டு மின்விதிகள் இன்றும் சொல்வது இது: இணைப்பு சால்டர் இல்லாமலே இயந்திர முறையிலும் மின்சார முறையிலும் உறுதியாக இருக்க வேண்டும், அதன் பிறகே சால்டர். ஒன்பதில் ஒரு பங்கு கடத்தும் பொருளின் வழியாக மின்சாரம் போக வேண்டியதில்லை. செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க, காற்றும் ஈரமும் புகாமல் சால்டர் காக்கட்டும். தந்திக் கம்பிக்காரர்கள் செய்ததைப் போல இரு வயர்களையும் எதிரெதிராக ஒன்றன்மேல் ஒன்று இறுகச் சுற்றினாலே இழுவையைத் தாங்கும்.

இனி, எந்த உலோகத்தோடு எந்த உலோகம்? செம்பும், வெள்ளீயம் பூசிய செம்பும், பித்தளையும் எளிதானவை. அலுமினியம் கடினமானது. அதன் மேல் நொடியில் படியும் ஆக்ஸைடு 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரண ஃப்ளக்ஸ் அதைத் தொடக்கூட முடியாது. அதற்கென்று துத்தநாகம் கலந்த சால்டரும் கடுமையான ஃப்ளக்ஸும் உண்டு என்றாலும், அலுமினியமும் செம்பும் சேரும் இடம் ஈரம் பட்டால் அரிக்கும். பழைய வீடுகளில் இன்னும் அலுமினிய வயர் இருக்கிறது. அதைச் செம்போடு சேர்க்க இரு உலோகங்களுக்கும் ஏற்ற இணைப்பான்களே சரி. மலிவான ஸ்பீக்கர் வயரும் நெட்வொர்க் கேபிளும் சில நேரம் செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கும். பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். அப்படியானால் அயர்னின் சூடான நுனியை, அதாவது டிப்பை நீண்ட நேரம் வைக்கக் கூடாது, முலாம் சால்டரில் கரைந்துபோய்விடும்.

இன்னொன்று எனாமல் பூசிய கம்பி. கோவையிலும் வேறு ஊர்களிலும் மோட்டார் வைண்டிங் செய்பவர்கள் கம்பியின் நுனியைப் பிளேடாலோ உப்புத்தாளாலோ பளிச்சென்று சுரண்டிய பிறகே சால்டர் வைப்பார்கள். அது வெறும் பழக்கம் இல்லை. மோட்டாருக்கான எனாமல் வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. சால்டர் சூட்டில் அது போகாது. இயர்போன் வயருக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, பொன்னிற இழைகளின் பூச்சு வேறு வகை. சூடான டிப்பில் சால்டர் துளி வைத்து நுனியை அதற்குள் தோய்த்தால் அது எரிந்து விலகும். அந்தப் புகை மூக்குக்கு ஆகாது. கூடியவரை சுரண்டுவதே நல்லது.

ஃப்ளக்ஸ் பற்றி விரிவாகப் பேச வேண்டும். கடையில் வாங்கும்போது எல்லோரும் கம்பியின் பிராண்டைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வைக்கும் பேஸ்ட் டப்பாவை யாரும் திருப்பிப் படிப்பதில்லை. வீட்டு இணைப்புகளின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த டப்பாதான்.

செம்பு காற்றில் இருந்தால் மங்கும். அந்த மங்கல் ஆக்ஸைடு. உருகிய சால்டர் அதன்மேல் நனையாது, தாமரை இலைத் தண்ணீராக உருளும். ஆக்ஸைடை அகற்றி, சூட்டில் அது மீண்டும் படியாமல் மூடிவைப்பது ஃப்ளக்ஸின் வேலை. இதற்கு நம் மரபில் நல்ல முன்னுதாரணம் உண்டு. தெருவில் வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்கள், பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். வெண்புகை எழும், கறுத்த பித்தளை ஒரு நொடியில் மின்னும், உடனே வெள்ளீயத்தைப் பரப்புவார்கள். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது ஹைட்ரோ குளோரிக் அமிலமாகப் பிரிந்து ஆக்ஸைடைத் தின்றுவிடும். தகரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் துத்தநாகக் குளோரைடு ஃப்ளக்ஸும் இதே குலம். பொற்கொல்லர் பட்டறையில் வெண்காரம் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது 740 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் மின்சால்டருக்கு உதவாது.

பாத்திரத்துக்குப் பொருந்தும் நவச்சாரம் வயருக்கு ஏன் பொருந்தாது? பாத்திரத்தைப் பூசிய பிறகு நன்றாகக் கழுவுகிறோம். முறுக்கிய இழைகளுக்குள்ளே ஊறிய அமில ஃப்ளக்ஸைக் கழுவ வழியே இல்லை. துத்தநாகக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கும்; இன்சுலேஷனுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், வயரின் நீளம் முழுவதும் பச்சை ஊர்ந்து போகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. சால்டர் 'சூப்பராகப் பிடிக்கிறது' என்று மெச்சப்படும் பேஸ்ட்டுகளில் பல, இந்த அமிலத்தால்தான் அப்படிப் பிடிக்கின்றன. அன்றைக்கு வேலை சுலபம். ஆறு மாதம் கழித்து இணைப்பு செத்துப்போகிறது.

மின்வேலைக்கு உரியது ரோசின். பைன் மரப் பாலைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் பொன்னிறப் பிசின் அது. வயலின் வித்வான்கள் வில்லில் தேய்க்கும் கட்டியும் இதே பொருள்தான். இதன் அழகு, வேண்டிய நேரத்தில் மட்டும் அமிலமாக இருப்பது. குளிர்ந்த ரோசின் கண்ணாடி மாதிரி இறுகி, தனக்குள் இருக்கும் அமிலத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மின்சாரத்தையும் கடத்தாது. சூடேறினால் இளகி, ஆக்ஸைடைக் கரைத்து, வேலை முடிந்ததும் மறுபடி இறுகிவிடும். ஆகவே கழுவ முடியாத இடத்தில் நம்பி வைக்கக்கூடிய ஃப்ளக்ஸ் இது. வெறும் ரோசின் மென்மையானது என்பதால் சிறிதளவு ஊக்கி சேர்ப்பார்கள். ஆர்.எம்.ஏ. என்று அச்சிட்டிருந்தால் மிதமான ஊக்கம், ஆர்.ஏ. என்றால் கூடுதல். புதிய குறியீட்டில் ஆர்.ஓ.எல்.0 என்பது ரோசின், குறைந்த ஊக்கம், குளோரைடு போன்ற ஹாலைடு இல்லை அல்லது மிகக் குறைவு என்று பொருள். வீட்டுக்கு ஆர்.எம்.ஏ. அல்லது ஆர்.ஓ.எல்.0 போதும். 'நோ-கிளீன்' என்று எழுதியதும் நல்லதே. ஆனால் அதைச் சூட்டில் முழுவதும் எரியவிட வேண்டும், பாதி உருகிய நோ-கிளீன் மிச்சம் பாதுகாப்பானதன்று. தண்ணீரில் கழுவும் வகையை வீட்டில் வாங்கவே வேண்டாம், அது கழுவியே ஆக வேண்டிய கடும் வகை.

டப்பாவில் எதுவும் எழுதாத பேஸ்ட் கையில் இருந்தால் ஒரு சோதனை. பளிச்சென்று தேய்த்த செம்புக் கம்பியில் தடவி, ஈரப்பதம் உள்ள மூலையில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பொருக்காக, தூளாக, நீலமும் பச்சையுமாகப் பூத்தால் அது குளோரைடு. அந்த டப்பாவைத் தகரவேலைக்கு ஒதுக்குங்கள். மெல்லிய, தெளிவான பச்சைச் சாயல் மட்டும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ரோசினின் அமிலம் செம்போடு சேர்ந்தாலும் அப்படி ஒரு நிறம் வரும், அது அரிப்பதில்லை. வேலை முடிந்து சர்க்யூட் பலகையைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலே ஏற்றது. நகப்பூச்சு நீக்கும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப்பசையை விட்டுச் செல்லும்.

கம்பிக்குள்ளேயே ரோசின் நடுக்குழலாக இருக்கும்போது தனி ஃப்ளக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். புது வயருக்குத் தேவையில்லை. பழைய, கறுத்த வயருக்கும், பலமுறை சூடாக்கிய இணைப்புக்கும், சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலுக்கும் தேவை. நடுக்குழல் இல்லாத கெட்டிக் கம்பியும் கடைகளில் கிடைக்கிறது. தெரியாமல் அதை வாங்கிவிட்டுச் சால்டர் ஒட்டவில்லை என்று அயர்னை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நுனியை வெட்டி நெருங்கிப் பார்த்தால் புள்ளியாகத் துளை தெரியும்.

இப்போது கலவை. வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற விகிதத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தனித்தனியே 232 டிகிரியிலும் 327 டிகிரியிலும் உருகும் இரண்டு உலோகங்கள், இந்த விகிதத்தில் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே, அதுவும் ஒரே புள்ளியில், திடத்திலிருந்து திரவமாக மாறுகின்றன. இடைநிலை கிடையாது. கை கொஞ்சம் நடுங்கினாலும் இணைப்பு கெடுவதற்கு நேரமில்லாமல் அது இறுகிவிடும். 60/40 கிட்டத்தட்ட அதே. 190 டிகிரிவாக்கில் முழுவதும் உருகும். 40/60 அப்படியில்லை. 183-க்கும் 238-க்கும் நடுவே அது திடமாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இருக்கும். குழாய்வேலைக்காரர்களுக்கு இந்த நிலை வரப்பிரசாதம். துணியால் வழித்து வடிவம் கொடுப்பார்கள். மின்வேலையில் இதே குணத்தால் இறுகும்போது சற்று அசைந்தாலும் உள்ளே விரிசல் விழுகிறது, மேற்பரப்பு சொரசொரப்பாகி, 'டிரை சால்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் குறை வருகிறது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்பதால், மலிவான கம்பியில் முதலில் குறைவது வெள்ளீயம். ஒரு துளியை உருக்கி ஆறவிட்டுப் பார்த்தால் போதும்: நல்ல கலவை சட்டென்று இறுகிப் பளபளக்கும், குறைந்தது மெல்ல மங்கிச் சாம்பல் நிறத்தில் உறையும்.

காரீயம் இல்லாத கலவைகள் 2006 ஜூலை 1-க்குப் பிறகு உலகெங்கும் பரவின. அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய உத்தரவு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2011-இல் அறிவித்து 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளிலும் எடையில் 0.1 விழுக்காடு என்ற அதே வரம்பு இடம்பெற்றது. இவை சாதனம் தயாரிப்பவர்களைக் கட்டுப்படுத்துபவை. பழுது பார்க்கும் தனிமனிதர் காரீயக் கம்பி வாங்குவதைத் தடுப்பதில்லை. முடிவு நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

காரீயமற்றவற்றில் இரண்டு வீட்டுக்கு முக்கியம். ஒன்று, வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்த எஸ்.ஏ.சி.305, 217 முதல் 220 டிகிரியில் உருகும். வெள்ளியால் விலை ஏறும். மற்றது, 99.3 விழுக்காடு வெள்ளீயமும் 0.7 விழுக்காடு செம்பும்; 227 டிகிரி. மலிவானது; ஆனால் மந்தமாகப் பாயும். மிகச் சிறிய அளவு நிக்கல் சேர்த்த வகை இதைவிட நன்றாக ஓடும், பளபளப்பும் தரும். அதைக் கேட்டு வாங்கலாம். இரண்டுக்குமே டிப்பின் சூட்டை 350 முதல் 380 டிகிரிவரை உயர்த்த வேண்டியிருக்கும். காரீயக் கலவைக்கு 320 முதல் 350 போதும். இறுகிய பிறகு சற்று மங்கலாக இருப்பது காரீயமற்றவற்றின் இயல்பு, குறையில்லை.

எதை வாங்குவது? சால்டர் சூட்டில் காரீயம் ஆவியாகிறது என்ற பயம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. காரீயம் கொதிப்பது 1749 டிகிரியில். 350 டிகிரியில் அதன் ஆவி கணக்கில் எடுக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஆபத்து கையில் இருக்கிறது. கம்பியைப் பிடித்த விரல் வாய்க்குப் போகிறது, மேசையில் தெறித்த துளியையும் தூளையும் தவழும் குழந்தை தொடுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவுமே அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே என் பரிந்துரை வீட்டைப் பொறுத்தது. சிறு குழந்தைகளோ கர்ப்பிணியோ உள்ள வீட்டிலும், பள்ளி மாணவர் கற்றுக்கொள்ளும் இடத்திலும் காரீயமற்ற கம்பியே வாங்குங்கள். வேலை கொஞ்சம் கடினமாகும், பழகிவிடும். பெரியவர்கள் மட்டுமே புழங்கும், தனி மேசையும் கதவும் உள்ள இடத்தில் 63/37 வைத்துக்கொள்வதில் தவறில்லை. பழைய சாதனங்களைப் பழுது பார்க்க அதைப் போல இலகுவானது வேறில்லை.

138 டிகிரியில் உருகும் பிஸ்மத்-வெள்ளீயக் கலவை அண்மைக் காலமாக இணையக் கடைகளில் விரும்பி வாங்கப்படுகிறது. குறிப்பாக எல்.இ.டி. பல்பு பழுது பார்ப்பவர்களால். அந்த பல்பின் சில்லுகள் அலுமினியத் தகட்டின்மேல் இருப்பதால் சூட்டைத் தகடு குடித்துவிடும். குறைந்த சூட்டில் உருகும் சால்டர் வசதியாகத் தோன்றுவது இயல்பே. இதில் ஒரு பொறி இருக்கிறது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் உள்ள கலவையில் பழைய இணைப்பின் காரீயம் சேர்ந்துவிட்டால், மூன்றும் சேர்ந்து 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உள்ளுக்குள் உருவாகலாம். மூடிய விளக்குக் கூட்டில் எரியும் எல்.இ.டி. தகடு அந்த வெப்பத்தை நெருங்கக்கூடியது. காரீயம் இல்லாமலிருந்தாலும் பிஸ்மத் கலவை நொறுங்கும் தன்மை கொண்டது. அதிர்வையும் விழுதலையும் தாங்காது. ஒட்டிய பாகத்தைக் கழற்றுவதற்கு அது மிக நல்லது, புதிதாக ஒட்டுவதற்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். எல்.இ.டி. தகட்டைக் கீழிருந்து மிதமாகச் சூடாக்கிக்கொண்டு வழக்கமான கம்பியால் வேலை செய்வதே நிலைக்கும்.

கம்பியின் தடிமன் சுருக்கமான விஷயம். வீட்டுப் பொது வேலைக்கு 0.8 மில்லிமீட்டர். நம் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் விற்றால் 22 கேஜ் என்பது 0.7, 20 கேஜ் என்பது 0.9, 18 கேஜ் என்பது 1.2 மில்லிமீட்டர். செல்போன் சார்ஜர் பலகைக்கு 0.5 நல்லது. மிக்ஸி சுவிட்ச் மாதிரி தடித்த முனைக்கு 1.2.

அயர்னைப் பொறுத்தவரை எல்லோரும் வாட்டைக் கேட்கிறார்கள், டிப்பைக் கேட்பதில்லை. ஊசிமுனை டிப் நுணுக்கமாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் அது தொடும் பரப்பு மிகச் சிறியது, சூடு கடத்தாது. உளி வடிவ டிப்பே பெரும்பாலான வேலைக்கு ஏற்றது. நல்ல டிப் என்பது செம்பின்மேல் இரும்பு முலாம் பூசியது. அதை அரத்தால் ராவினால் முலாம் போய் உள்ளிருக்கும் செம்பு சால்டரில் கரையும், சில நாளில் குழி விழும். மிக மலிவான அயர்னின் வெறும் செம்பு டிப்பை ராவலாம். அது கரையும் பொருளே. ஒரு காலத்தில் இந்தக் கரைதலைத் தடுக்கவே கொஞ்சம் செம்பு முன்கூட்டிக் கலந்த சால்டர் கம்பி விற்றார்கள். காரீயமற்ற கலவை இரும்பு முலாமையும் வேகமாகத் தின்னும். வேலை முடிந்ததும் டிப்பில் சால்டர் பூசிவைத்துவிட்டு அணைப்பது அவசியம். 25 வாட் அயர்ன் மெல்லிய வயருக்குப் போதும். தடித்த முனைக்கு 60 வாட் அல்லது சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வேண்டும். குறைந்த வாட்டில் நீண்ட நேரம் பிடிப்பதுதான் இன்சுலேஷனை உருக்கி, பலகையின் தாமிரப் பட்டையைப் பெயர்த்து, அந்தச் சேர்ம அடுக்கைத் தடிக்கவும் வைக்கிறது. இரண்டிலிருந்து நான்கு நொடிக்குள் ஓர் இணைப்பு முடிய வேண்டும். எதுவானாலும் எர்த் உள்ள மூன்று பின் பிளக் இருக்கட்டும்.

மூடுவதற்கு என்ன என்பதும் பொருள் தேர்வுதான். வீட்டு வயரின் பி.வி.சி. பொதுவாக 70 டிகிரிக்கு மட்டுமே தரச்சான்று பெற்றது. சால்டர் சூட்டில் அது சுருங்கிப் பின்வாங்கும். அடிக்கடி கழற்றி மாட்டும் சோதனைக் கம்பிகளுக்குச் சிலிகோன் உறை வயர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இணைப்பின்மேல் கறுப்பு டேப் சுற்றினால் நம் கோடையில் பசை இளகி நழுவிவிடுகிறது. சூட்டில் சுருங்கும் குழல், இரண்டுக்கு ஒன்று சுருங்கும் சாதாரண வகையே போதும். வெளியில், மழைச்சாரல் படும் இடத்தில் உள்ளே பசை பூசியதை வாங்க வேண்டும். குழலைச் சால்டர் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்து, சூடு எட்டாத தூரத்தில் தள்ளிவைக்க வேண்டும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இது ஃப்ளக்ஸைச் சேர்ந்தது. அயர்னிலிருந்து எழும் வெண்புகை ரோசின் புகை. தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு அது ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது தொழில்நோய் மருத்துவத்தில் நிலைநாட்டப்பட்ட செய்தி. மேலே சீலிங் ஃபேனை வேகமாக ஓட விட்டால் இணைப்பு சீக்கிரம் ஆறிப் பிடிக்காமல் போகும், புகையும் முகத்திலேயே சுழலும். சன்னலோரம் உட்கார்ந்து, சிறிய மேசை விசிறியைப் புகையை வெளியே இழுக்கும் திசையில் வைப்பது எளிய வழி. அடுப்படி மேடையிலும் சாப்பிடும் மேசையிலும் சால்டர் வேலை கூடாது. இரண்டு கையும் வேலையாக இருக்கிறதென்று கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. உதவிக்கு நிற்கும் பையன்கள் பார்த்துக் கற்றுக்கொள்வது அதைத்தான். மூத்தவர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர் எலக்ட்ரிக்கல் கடைவரை, சால்டர் கம்பியைச் சிறு குழலிலோ கையளவு சுருளிலோ எந்த எழுத்தும் இல்லாமல் விற்பது சாதாரணமாக நடக்கிறது. மருந்துக்கும் உணவுக்கும் லேபிள் கேட்கும் நாம் இதற்கும் கேட்க வேண்டும். கலவையின் விகிதம், ஃப்ளக்ஸின் வகை, காரீயம் உண்டா இல்லையா என்ற மூன்றும் எழுதப்பட்ட 50 கிராம் ரோல் ஒன்று வீட்டுக்குப் பல ஆண்டு வரும்; பெயரில்லாத சுருளைவிட அதன் விலை கூடுதல் என்றாலும் அந்த வித்தியாசம் ஒரு சார்ஜரின் விலையைத் தாண்டாது. லேபிள் கிழிந்துபோன ரோல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், காரீயம் உள்ளதாகவே எண்ணிப் புழங்குங்கள். வெட்டிய துண்டுகளையும் சால்டர் உறிஞ்சியில் சேர்ந்த தூளையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, பழைய பேட்டரிகளோடு சேர்த்து மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.